எண் தெரியாத லோரி

விபத்துக்குப் பிறகு வாலண்டைன் தூங்குவதை நிறுத்திவிட்டான். தூக்கம் வராமல் இல்லை. வந்த தூக்கத்தை அவன் உள்ளே விடவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் நான்காவது மாடி வீட்டின் கூடத்தில், ஜன்னலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட காலை முக்காலி மேல் நீட்டியிருப்பான். வலது கையைத் தோளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண் சொருகும்போது இடது கையால் கன்னத்தைத் தட்டிக்கொள்வான். இருந்தும் சில நிமிடங்கள் அவனை மீறிப் போய்விடும்.

அது எங்கோ காடுகள் எரிந்து வரும் புகைமூட்டக் காலம். எதிர் புளோக் சாயம் போன துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. காலை பத்து மணிக்கும் சூரியன் நிலா போலத் தெரிந்தது. வெறும் கண்ணால் பார்க்கலாம். வாலண்டைன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி ஷர்மைன் பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு வேலை செய்தாள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே பாகங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் முதுகிலும் எறும்பின் தலை அளவுக்கு எண் அச்சடித்திருக்கும். எண் மங்கியிருந்தால் எடுத்துத் தனியே போட வேண்டும். எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். வரும்போது மார்க்கெட்டில் கங்கோங் கீரையும் கெம்போங் மீனும் வாங்கி வருவாள். அவள் கதவைத் திறக்கும் சத்தத்தில் வாலண்டைன் நிமிர்ந்து உட்காருவான்.

"தூங்கினீங்களா?"

"இல்ல."

அவன் பதினான்கு வருடமாகத் தொழிற்சாலை பேருந்து ஓட்டியவன். விடியற்காலை நாலே முக்காலுக்கு முதல் ஆளை ஏற்றுவான். மாசாய் தாண்டுவதற்குள் நாற்பது பேரும் தூங்கிவிடுவார்கள். தலைகள் ஒன்றாக இந்தப் பக்கம் சாயும், வளைவு வந்தால் ஒன்றாக அந்தப் பக்கம் சாயும். கண்ணாடியில் அதைப் பார்த்தபடி ஓட்டுவான். அந்தப் பேருந்தில் விழித்திருப்பவன் அவன் ஒருவன்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, ஷர்மைனிடம் மட்டும் ஒரு முறை சொல்லியிருக்கிறான்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. ஏழு மணிக்கு ஆட்களை இறக்கிவிட்டு, பேருந்தை நிறுத்துமிடத்தில் விட்டு, முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டைத் துடைத்து வைத்துவிட்டு, தன் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினான். துறைமுகத்துக்குப் போகும் உள்சாலையின் வளைவில் எட்டே காலுக்கு விழுந்து கிடந்தான். தொழிற்சாலைக் காவலாளி ஒருவர்தான் புல்லுக்குள் ஹெல்மெட் தெரிவதைப் பார்த்து ஓடி வந்தார். அந்த வளைவில் கேமரா இல்லை. பார்த்தவர்களும் இல்லை.

மருத்துவமனைக்கு வந்த போலீஸ் சார்ஜன் நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார். ஒரு லோரி முந்திப் போனது, அதன் பின்பக்கம் கைப்பிடியைத் தட்டியது என்று வாலண்டைன் சொன்னான். என்ன நிறம் என்றார். தெரியவில்லை. என்ன எண் என்றார். எண் இல்லை, நம்பர் பிளேட் வெள்ளையாக இருந்தது என்றான். சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். லோரிக்குக் கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து, அதுதான் சட்டம், வெள்ளைப் பலகை டாக்சிக்குத்தான், அதிலும் கறுப்பு எழுத்து இருக்கும், ஒன்றுமே எழுதாத பலகை எந்த வண்டிக்கும் கிடையாது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். மூன்று மணிக்கே எழுந்த உடம்பு, கொஞ்சம் கண்ணயர்ந்து கனவு வந்திருக்கும் என்றார். ஓட்டுநர் தானே விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்.

வாலண்டைன் அதை மறுக்கவில்லை. அவனுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பலகை கனவில் வந்தது. கையில் ஈரத்துணி இருக்கும். பேருந்து நிறுத்துமிடத்தில் குந்தியிருப்பான். எதிரில் வெள்ளைப் பலகை. துடைப்பான். வெள்ளைக்குக் கீழே வெள்ளை. இன்னும் துடைப்பான். துணி வெள்ளையாகும், கை வெள்ளையாகும். பின்னால் நாற்பது பேர் பேருந்துக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எண் தெரியும்வரை வண்டியை எடுக்க முடியாது.

அவன் கண்ணயரும் அந்தச் சில நிமிடங்களில் இது வரும்.

கீழ்மாடி சின்னத்தம்பி ஒரு மாலை வாழைப்பழச் சீப்போடு பார்க்க வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை விசாரித்தார், கையை விசாரித்தார், புகையைத் திட்டினார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"கனவு வருதாம்ல, தம்பி?"

"யாரு சொன்னா?"

"ஷர்மைன்தான் லிப்டுல சொல்லுச்சு. நம்பர் பிளேட்டாமே. கடைசி ரெண்டு நம்பராச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல அங்கிள்."

"நல்லாப் பாருங்க லா. விழுந்து பொழச்சவங்க கனவுல வர்ற நம்பரு சும்மா வராது. ஞாயித்துக்கெழம குலுக்கல் இருக்கு."

"வெள்ளையாத்தான் இருக்கு."

சின்னத்தம்பி சிறிது யோசித்தார். வெள்ளைக்கு நாலு சைபர் போடலாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போய்விட்டார். வாலண்டைன் அன்றைக்கு ஒரு முறை சிரித்தான்.

ஜெயபாலன் வந்த நாளில் சிரிப்பு இல்லை. அவர் பேருந்து நிறுவனத்தின் மேற்பார்வையாளர், வாலண்டைனைவிட இரண்டு வயது இளையவர். ஆப்பிளும் மைலோ டின்னும் கொண்டுவந்தார். ஷர்மைன் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். அது ஆறும்வரை அவர் குடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கூட்டம் இருக்கிறது, போலீஸ் அறிக்கையை மேசை மேல் வைப்பார்கள் என்றார். தூங்கி விழுந்தார் என்று அதில் இருந்தால் கால் சரியானாலும் பேருந்து கிடைக்காது. வண்டி கழுவும் வேலைக்குக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

"நாப்பது உயிரு, அண்ணே. நான்தான கையெழுத்துப் போடணும்."

"நீ சொல்றது சரிதான், ஜெயா," என்றான் வாலண்டைன்.

அவர் போன பிறகு ஷர்மைனுக்குக் கோபம் வந்தது. ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையைத் திருப்பாமலே சொன்னான்.

"லோரி இல்லன்னு வெச்சுக்க. நான் தூங்கித்தான் விழுந்தேன்னா, அன்னிக்கு மட்டுமா தூங்கியிருப்பேன்? பதினாலு வருஷம். எத்தன தடவ அந்த மாதிரி ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், எனக்கே தெரியாம? பின்னால அத்தன பேர வெச்சுக்கிட்டு?"

அடுப்பில் மீன் கருகும் வாசனை வந்தது. எழுந்து போனாள்.

அன்றிரவு சாப்பிடும்போது மகள் ஆட்ரி கைப்பேசியில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் தேடி வாசித்தாள். பதினைந்து வயது. அப்பாவுக்கு உதவ அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். எழுத்து எழுபது மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று அவள் தொடங்கியதும், அகலம் நாற்பது, கோட்டின் தடிமன் பத்து என்று வாலண்டைன் முடித்தான். சாய்ந்த எழுத்து கூடாது. மேலே கண்ணாடி மூடி போடக்கூடாது. இரவில் பின்பலகைக்கு விளக்கு எரிய வேண்டும். சேறோ தூசியோ மறைத்தால் சமான், அபராதம் கட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் அவன் ஜெபம் போல மெல்லச் சொன்னான். ஆட்ரி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷர்மைன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினாள். வெள்ளை எழுத்தின் மேல் வெள்ளைத் தூசி படிந்தால் என்று நினைத்தாள். தொழிற்சாலையில் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். எண் அழிந்திருக்காது, மேலே தூள் ஒட்டியிருக்கும். ஊதினால் தெரியும். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனாள்.

பாசிர் கூடாங்கில் புகையின் நிறம் வேறு. பாமாயில் வாசனையும் எரிந்த ரப்பர் வாசனையும் கலந்து தொண்டையில் இனித்தது. எண்ணெய்த் தொட்டிகள் அடுத்தடுத்து வந்து மறைந்தன. எதிரில் வரும் லோரிகளின் விளக்குதான் முதலில் தெரிந்தது, பிறகு சத்தம், கடைசியாக லோரி. வளைவில் இறங்கி நின்றாள். புல் நிமிர்ந்துவிட்டது. அங்கே எதுவும் நடந்ததற்கு அடையாளம் இல்லை. சாலையோரத்துச் செடிகளின் இலைகளில் மட்டும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு உரசிப் பார்த்தாள். சுண்ணாம்பு.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தாண்டி அங்சானா மரத்தடியில் ஓர் ஒட்டுக்கடை இருந்தது. தகரக் கூரை, நீலத் தார்ப்பாய், ஐந்து மேசை. முன்னால் லோரிகள் நிறுத்த இடம். வெள்ளையம்மா என்ற பெண்மணி தனியாக நடத்தினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையால் ரொட்டி புரட்டிக்கொண்டு மறு கையால் தே ஆற்றினார்.

ஷர்மைன் தயங்கித் தயங்கி, இரண்டு வாரத்துக்கு முன் அந்த வளைவில் மோட்டார்சைக்கிளில் விழுந்தவரின் மனைவி நான் என்றாள். மறுநொடி மூன்று பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள்.

"ஆறு ஒண்ணு மூணு எட்டா?" என்றார் ஒருவர்.

அது வாலண்டைனின் மோட்டார்சைக்கிள் எண். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

கேட்டவர் பெயர் கமலநாதன். லோரிகளுக்கு டயர் மாற்றுபவர். அவர் முகம் மலர்ந்து, உடனே வெட்கப்பட்டது. அண்ணன் எப்படி இருக்கிறார், எழுந்து நடக்கிறாரா, பசியாறிவிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். யாரும் சொல்லாமலே அவள் முன்னால் தேயும் இரண்டு ரொட்டியும் வந்தன. இன்னொருவர் பொரித்த வாழைப்பழத்தைத் தள்ளி வைத்தார். முன்பின் தெரியாதவர்களின் இவ்வளவு அன்பு அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க லா, அக்கா," என்றார் கமலநாதன். "அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் நம்பரு மூணாவது பரிசு அடிச்சிருச்சு. இங்க உள்ளவங்க எல்லாரும் எடுத்திருந்தோம்."

விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணை நாலு நம்பர் குலுக்கலில் எடுப்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவளுடைய மாமாவே எடுப்பார். ஆனாலும் கையில் பிய்த்த ரொட்டி கையிலேயே இருந்தது. அவள் கணவன் புல்லுக்குள் கிடந்தபோது இவர்கள் எண்ணைக் குறித்திருக்கிறார்கள்.

"ஆம்புலன்சுக்கு போன் போட்டதும் நான்தான்," என்றார் கமலநாதன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "மொதல்ல போன். அப்புறந்தான் நம்பரு."

"இவன் ஒரு யோக்கியன்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஷர்மைனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அழுகையும் வரப் பார்த்தது. இரண்டையும் தேயோடு விழுங்கிவிட்டு, அன்று காலை ஏதாவது லோரி அந்தப் பக்கமிருந்து வந்ததா என்று கேட்டாள். எல்லோரும் தத்தம் கிளாசைப் பார்த்தார்கள். நாள் முழுக்க லோரிதானே வருகிறது என்றார் ஒருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கமலநாதன் கடைசியாகக் கிளம்பினார். கனத்துப்போன காற்றைக் கொஞ்சம் லேசாக்க நினைத்தார் போலும், வெள்ளையம்மாவைச் சீண்டினார்.

"எங்க எல்லாருக்கும் அடிச்சுச்சு. இந்தக்காவுக்கு மட்டும்தான் நாமம். நானே மோட்டார் நம்பர காகிதத்துல எழுதிக் குடுத்தேன். அத விட்டுட்டு வேற ஏதோ நம்பரு போட்டிருக்கு."

"போய் டயரப் பாருடா," என்றார் வெள்ளையம்மா.

கடை காலியானது. வெள்ளையம்மா கிளாஸ் கழுவத் தொடங்கினார். ஷர்மைன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அன்னிக்கு என்ன நம்பர் போட்டீங்க, அக்கா?"

"ஏதோ ஒண்ணு. கனவுல வந்துச்சு."

"அவருக்கும் கனவு வருது. தூங்கவே பயப்படறாரு. லோரி பின்னால நம்பர் பிளேட்டு. ஆனா நம்பர் இல்ல. வெறும் வெள்ளையா இருக்காம்."

வெள்ளையம்மாவின் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"வெள்ளைன்னா சொன்னாரு?"

"ஆமா. போலீஸ்லயும் அதத்தான் சொன்னாரு. நம்பல. தூங்கித்தான் விழுந்தாருன்னு எழுதிட்டாங்க. இனிமே பஸ் ஓட்ட முடியாது. அது கூடப் பரவால்லக்கா. அவரே தன்ன நம்ப மாட்டேங்கறாரு."

வெள்ளையம்மா குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சாலையில் ஒரு லோரி வேகத்தைக் குறைத்து, நிற்காமல் போனது.

கடைக்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரும் துணியும் எப்போதும் இருக்கும் என்றார். அடுத்த சந்திப்பில் சில நாள் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகள் நிற்பார்கள். நம்பர் பிளேட் மறைந்திருந்தால் லோரியை ஓரங்கட்டி, பிறகு எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பாரம், டயர், லைசன்ஸ். அதனால் அவர்கள் நிற்கும் நாளில் வெள்ளையம்மா சாலையோரம் வந்து கையைக் காட்டுவார். ஓட்டுநர்கள் நிறுத்தி, பலகையைத் துடைத்து, ஒரு தே குடித்துவிட்டுப் போவார்கள். பாதி வியாபாரம் அதில்தான்.

"அந்தப் புதங்கெழம, சுண்ணாம்பு ஏத்தற லோரி ஒண்ணு வந்துச்சு. நான் கையக் காட்டினேன். எறங்கினான். பிளேட்டு இருந்த எடமே தெரியலம்மா, சுவரு மாதிரி வெள்ள. துணிய எடுத்துத் தொடச்சான். தண்ணிய ஊத்தறான், பாதி அவன் கால் மேல கொட்டுது. நான் பாத்துக்கிட்டே நிக்கறேன். நம்பரு ஒவ்வொண்ணா வெளிய வருது. தே கூடக் குடிக்கல, ஏறிப் போயிட்டான். அதுக்கப்புறந்தான் கமலநாதன் வளைவுல ஆள் விழுந்து கெடக்குன்னு ஓடியாறான்."

"அவன் நம்பரையா போட்டீங்க?"

"எல்லாரும் மோட்டார் நம்பர எழுதினாங்க. எனக்குக் கண்ணுல இதுதான் நின்னுச்சு." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "அடிபட்ட வண்டி நம்பரத்தான் எடுப்பாங்க. இதுவும் அதே அடியில பட்ட வண்டிதானம்மா."

இவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அந்த நினைப்பு ஷர்மைனுக்குள் மெதுவாக இறங்கியது. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கோபம் எங்கோ தொலைவில், புகைக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ரெண்டு வாரமாச்சு," என்றாள்.

"தெரியும். சொன்னா நாளைக்கு எவன் என் கடையில நிறுத்துவான்? அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, நான் சொல்றது நியாயம் இல்ல," என்றார்.

எழுந்து போய்ச் சீனி டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்தார். தோற்ற சீட்டை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இவர் கசக்கக்கூட இல்லை. மை மங்கிவிட்டது, இன்னும் ஒரு மாதம் போனால் வெறும் காகிதம். ஷர்மைன் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். மங்கின எண்ணை வாசிப்பதுதான் அவள் வேலை. தேதி இருந்தது. காலை பத்து ஐம்பத்திரண்டு என்று நேரம் இருந்தது. இரண்டு, ஒன்பது, சைபர், ஏழு.

"முன்னால உள்ள எழுத்து?"

"எழுத்த எவ பாப்பா? நாலு நம்பருதான்."

"இது போதும்," என்றாள் ஷர்மைன். "நீங்க போலீஸ் பாலாய்க்கு வந்து சொல்லணும், அக்கா. சீட்ட மட்டும் நான் கொண்டு போனா கனவுல வந்த நம்பர்னுதான் சொல்வாங்க."

வெள்ளையம்மா வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தார். மாவைத் துணி போட்டு மூடினார். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்தார். கடைசியாகச் சாலையோரத்துக்குப் போய், பக்கெட்டைத் தூக்கித் தண்ணீரை மரத்தடியில் கொட்டினார். சனிக்கிழமை பத்தரை மணிக்கு அந்தக் கடை மூடியிருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்து டயர்க் கடை வாசலில் நின்ற கமலநாதன் ஒன்றும் கேட்காமல் தன் ஹெல்மெட்டை எடுத்து வெள்ளையம்மாவிடம் கொடுத்தார்.

காவல் நிலையத்தில் அதே சார்ஜன்தான் இருந்தார். சீட்டைப் பார்த்து முதலில் புன்னகை செய்தார். வெள்ளையம்மா உடைந்த மலாயில் சொல்லச் சொல்லப் புன்னகை போய்விட்டது. தூசி மூடிய பலகையில் எண் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

துணி நான் கொடுத்தது, தண்ணீரும் என்னுடையது, ஜேபிஜே நிற்பதைச் சொன்னதும் நான்தான் என்றார் வெள்ளையம்மா. அது தவறு, அதற்குத் தனியாக விசாரணை வரலாம் என்று சார்ஜன் சொன்னார். எழுதுங்கள் என்றார் வெள்ளையம்மா. சார்ஜன் எழுதினார். சுண்ணாம்பு ஏற்றுகிற லோரி, இந்த நாலு எண், அதிகம் இருக்காது, பின்பக்கம் உரசிய தடம் இருக்கும் என்றார். வாலண்டைனின் பழைய வாக்குமூலத்தைக் கோப்பிலிருந்து எடுத்தார். முதல் நாள் எழுதாமல் விட்டதை ஓரத்தில் இப்போது சேர்த்தார். பலகை வெள்ளை என்று.

வெள்ளையம்மாவைக் கடையில் இறக்கிவிட்டு ஷர்மைன் வீடு திரும்ப இரண்டு மணி ஆகிவிட்டது. ஆட்ரி டியூஷனுக்குப் போயிருந்தாள். வாலண்டைன் அதே நாற்காலியில் இருந்தான், கண்கள் சிவந்து, கன்னத்தில் கை வைத்தபடி. அவள் செருப்பைக் கழற்றாமலே முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இலைகளில் படிந்திருந்த சுண்ணாம்பிலிருந்து தொடங்கினாள்.

வெள்ளையம்மாவின் கடைக்கு வந்தபோது அவன் இடைமறித்தான்.

"வெள்ளையாவா இருந்துச்சாம்?"

"ஆமா."

"அந்தம்மாவே சொன்னாங்களா? நீ மொதல்ல சொல்லலியே?"

"கனவுன்னு சொன்னேன். ஆனா சுவரு மாதிரின்னு அவங்கதான் சொன்னாங்க. எடமே தெரியலன்னாங்க. அவங்களே கண்ணால பாத்திருக்காங்க."

அவன் அதைத் தனக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. வெளியே யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா நான் பாத்திருக்கேன்," என்றான். "விழுறப்ப என் கண்ணு தெறந்து இருந்திருக்கு."

"ஆமாங்க."

அவன் தலையை நாற்காலியில் சாய்த்தான். மேலே சொல்லு என்பது போல இடது கையை லேசாக அசைத்தான். அவள் சொன்னாள். சீட்டின் மை மங்கியிருந்ததை, வெள்ளையம்மா பக்கெட்டைக் கொட்டியதை, சார்ஜன் கோப்பில் எழுதிச் சேர்த்ததை. லோரியை எப்படித் தேடுவார்கள் என்பதைக்கூடச் சொன்னாள். கடைசியாக, இத்தனை நேரம் பையிலிருந்த, லோரி எண்ணைக் குறித்த காகிதத்தைப் பிரித்து, அதைச் சொல்ல வாயெடுத்து நிமிர்ந்தாள்.

அவன் தூங்கிவிட்டிருந்தான்.